வாலுள்ள வாடகைதாரர்

எங்கள் ஊர் உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, அதே ஊர்தான். அங்கே ஒரு வீடும், வீட்டுக்குப் பின்னால் ஒரு போர்ஷனும், போர்ஷன் கதவில் 'நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு இல்லை' என்று ஓர் அட்டையும் எனக்குச் சொந்தம்.

போன தை மாசம் டீச்சர் ஒருவர் தன் அம்மாவோடு வீடு பார்க்க வந்தார். குழாயைத் திறந்து பார்த்தார். சமையல்கட்டு பிடித்திருந்தது. கடைசியில் அட்டையைக் காட்டினார்.

"சார், எங்ககிட்ட நாய் ஒண்ணு இருக்கு. மறைச்சு வெச்சுக் குடி வந்துட்டு, அப்புறம் மனஸ்தாபம் வேணாம். இப்பவே சொல்லிடறேன்."

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரி சென்னையிலிருந்து மகன் போனில் பிடித்துக்கொண்டான். "விலங்குகள் நல வாரியம் 2015-லயே சொல்லியாச்சுப்பா. ஃபிளாட் சங்கம்கூட நாய் வளர்க்கத் தடை போட முடியாது."

"நான் சங்கமாடா? இங்க இருக்கிறது நானும் உங்கம்மாவும். அதுலயும் எனக்கு ஓட்டு கிடையாது."

கதவைப் பிறாண்டும், ராத்திரியில் குரைக்கும் என்றுதான் ஊரில் எல்லாரிடமும் சொல்வேன். நிஜக் காரணம் வேறு. முன்பு குடியிருந்த ஒரு குடும்பம் காலி செய்தபோது பீரோ, டிவி, துளசித் தொட்டி வரை எல்லாம் லாரியில் ஏறியது. நாய் மட்டும் ஏறவில்லை. பதினோரு நாள் அந்தக் கதவு வாசலிலேயே படுத்துக் கிடந்தது. லாரிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கும். நான் வைத்த சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காணோம். அன்றைக்கு மாட்டியதுதான் அந்த அட்டை.

மறுநாள் காலை வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் நடந்தேன். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921. வாரியத்துக்கு வர வேண்டுமானால் சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். இரண்டும் எனக்குப் பொருந்தும் என்று எப்போதும் ஒரு பெருமை. (வேதம் படித்திருக்க வேண்டும் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுவேன்.) அன்றைக்குத்தான் உறைத்தது, வாடகைக்குக் குடியிருப்பவனின் பேச்சு அன்றும் எடுபட்டிருக்காது என்று.

இன்னொரு விதியும் உண்டு. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவன் உறவுக்காரர்களும் நிற்கக்கூடாது. நானோ, கணக்குத் தீர்க்காமல் போன மனுஷனை விட்டுவிட்டு, உறவே வேண்டாம் என்று அவன் உதறிவிட்டுப் போன நாய்க்கல்லவா தடை போட்டிருக்கிறேன்!

டீச்சருக்குப் போன் செய்தேன். "ஒரே கேள்விம்மா. காலி பண்ணும்போது நாயையும் கூட்டிட்டுப் போவீங்களா?"

"அதை விட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருந்தா இதுக்குள்ள மூணு வீடு கிடைச்சிருக்கும் சார்."

பத்திரத்தில் மூன்று நிபந்தனை எழுதினேன். வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி. கதவு கெட்டால் செலவு அவர்களுடையது. மூன்றாவது: வீட்டைக் காலி செய்யும்போது நாயையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். டீச்சர் மூன்றாவதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

நாயின் பெயர் மணி. பால்காரர், போஸ்ட்மேன் யாரைப் பார்த்தும் குரைப்பதில்லை. ஒன்றாம் தேதி வாடகை வாங்க நான் போனால் மட்டும் தெருவே அதிரக் குரைக்கிறான். வீட்டு ஓனர் யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.