ஊற்றுக்குரிய மீன்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத நதி ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறோ மாரியில் ஓடிக் கோடையில் மறைந்துவிடுவது. காங்கேசன்துறை வீதியில், இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே அமைந்த மருதனார்மடத்திற் பிறந்து வளர்ந்த எனக்கு, நீர் என்றால் கிணறுதான். வழிப்போக்கர் இளைப்பாறிய மடத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அவ்வூரில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் நிறுவிய பெண்கள் கல்லூரி உண்டு. தோட்டக்காரர் விடியுமுன் மரக்கறி கொண்டுவந்து குவிக்கும் சந்தை உண்டு. வானளாவ நிற்கும் ஆஞ்சநேயர் உண்டு. ஏரி மட்டும் இல்லை. அத்தகைய ஊரவனாகிய நான், உறைந்த ஏரியொன்றின்மீது நடந்து சென்று, அதிலே துளையிட்டு மீன் பிடித்த கதையை வாசகர்களுக்குக் கூற விழைகின்றேன்.

கனடா நாட்டின் ஸ்காபரோவில் வாழும் என் பெறாமகன் வீட்டுக்கு ஒரு மாசி மாதத்திற் சென்றிருந்தேன். சனிக்கிழமை இரவு அவன், "பெரியப்பா, நாளைக்கு விடிய மீன் பிடிக்கப் போவம், வாறியளோ?" என்று கேட்டான்.

"ஏரியெல்லாம் உறைஞ்சு கிடக்குது எண்டு நீதானே சொன்னாய்?"

"ஓம் பெரியப்பா. அதுக்கு மேலை நிண்டுதான் பிடிக்கிறது."

அவன் பகடி பண்ணுகிறான் என்றே எண்ணினேன். ஆயின், மறுநாள் இருள் பிரியுமுன் அவனும், அவனுடைய ஒன்பது வயது மகனும், நானும் வடகிழக்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டோம். மூன்று மணி நேரப் பயணத்தின் பின், ஹலிபேர்ட்டன் என்னும் மேட்டுநிலத்தை அடைந்தோம். இலையுதிர்த்த மேப்பிள் மரங்களும் பசுமை மாறாப் பைன் மரங்களும் சூழ, வெண்மணற் பரப்புப் போல ஒரு சிறு ஏரி கிடந்தது. கரை எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

பெறாமகன் காரிலிருந்து முதலில் எடுத்தது தூண்டில் அன்று. நம்மூர் அலவாங்கினை ஒத்த நீண்ட இரும்புக்கோல். அதனாற் பனிக்கட்டியை ஓங்கிக் குத்தி, ஒலியைக் கேட்டு, ஓரடி வைத்தான், மீண்டும் குத்தினான். ஒருவர் நடந்து செல்லத் தெளிந்த பனிக்கட்டி நான்கு அங்குலமேனும் தடித்திருத்தல் வேண்டும். ஆறு அங்குலம் வேண்டும் என்போரும் உளர். பனி பெய்து ஊறி உறைந்த வெண்கட்டியோ வலிமை குறைந்தது. ஆதலின் அதற்கு இருமடங்கு தடிப்பு வேண்டும். இவற்றையெல்லாம் அவன் கூறக் கேட்டபடி, அவன் அடிச்சுவட்டிலேயே என் அடியையும் வைத்து நடந்தேன். நெஞ்சு படபடத்ததை மறைப்பானேன்?

கரைக்கு அண்மையில், நீர் ஆறேழு அடி ஆழமான இடத்திலே, கையாற் சுழற்றும் துரப்பணத்தால் துளையிட்டான். ஓரடிக்கு மேற்பட்ட பனிக்கட்டியைக் கடந்ததும் கருநீர் குபுகுபுவென மேலெழுந்தது. நீரின் இயல்பு விந்தையானது. பிற பொருள்கள் குளிரக் குளிரச் செறிவுறும். நீரோ நான்கு பாகை செல்சியசில் உச்சச் செறிவை அடைந்து, அதற்குமேற் குளிர்ந்தால் இலேசாகி மேலே வருகிறது. ஆதலாலேயே பனிக்கட்டி மிதக்கின்றது. ஆழத்து நீர் உறையாது நிற்கின்றது. மீன்கள் உயிர் பிழைக்கின்றன. பனிக்கட்டி அடியிலிருந்து உருவாகுமாயின் அந்நாட்டு ஏரிகளில் ஓர் உயிரும் எஞ்சாது.

நாம் தேடிச் சென்ற மீனுக்கு அந்நாட்டார் புரூக் ட்ரவுட் என்று பெயரிட்டுள்ளனர். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே உரிய இம்மீன், குளிர்ந்த தெளிநீரிலன்றி வாழாது. இதன் அறிவியற் பெயரின் ஈற்றுச் சொல்லாகிய 'பொன்ரினாலிஸ்' என்பது, இலத்தீன் மொழியில் ஊற்றுக்குரியது எனப் பொருள்படும். அப்பெயர் வெறும் அலங்காரம் அன்று. இலையுதிர் காலத்தில் இம்மீன், ஏரியடிப் பரலினூடே நிலத்தடி நீர் கசிந்து மேலெழும் இடம் தேடியே முட்டையிடும். அந்நீர் முட்டைகளை உறையவிடாது காத்து, அவற்றுக்கு வேண்டிய ஒட்சிசனையும் ஊட்டுகின்றது. ஊற்றில்லாத ஏரியில் இம்மீன் வளர்ந்து கொழுக்கலாம், பெருகமாட்டாது.

அத்தகைய ஏரிகளுக்கே மனிதன் மீனை இட வேண்டியுள்ளது. ஒன்ராறியோ மாகாண அரசு, பொரிப்பகங்களில் முட்டையைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்த்து, ஆண்டுதோறும் ஏரிகளில் விடுகின்றது. வீதி செல்லாத ஏரிகளுக்கு வானூர்தியிலிருந்தும் குஞ்சுகளைப் பொழிகின்றனர். ஒருவர் ஒருநாளில் எத்தனை மீன் கொள்ளலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பல ஏரிகளில் உயிருள்ள சிறுமீனை இரையாக்குதலும் தடுக்கப்பட்டுள்ளது. வாளித் தண்ணீரோடு அயல்மீன் புகுந்து பெருகிவிட்டால், ஊற்று மீனுக்கு உணவும் இடமும் இல்லாது போய்விடும்.

மீனை இட்டு வளர்த்தல் நமக்கும் புதிதன்று. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுவரெலியாப் பகுதியின் குளிரோடைகளில் ட்ரவுட் மீனை விட்டனர். 1952இல் திலாப்பியா இலங்கை நீர்நிலைகளுக்கு வந்தது. இன்று வன்னிக் குளங்களிலும் மீன்குஞ்சுகள் விடப்படுகின்றன. இடுவது எளிது, எடுப்பதில் அளவு காப்பதுதான் அரிது.

ஒரு மணி நேரம் விறைத்திருந்தோம். திடீரெனச் சிறுவனின் குறுந்தூண்டில் வளைந்தது. அவன் கூவியபடி நூலை இழுக்க, ஒரு முழத்துக்குக் குறைந்த மீனொன்று பனியில் விழுந்து துள்ளியது. இருண்ட பசிய முதுகிலே புழு ஊர்ந்தாற்போன்ற வெளிறிய கோடுகள், விலாவிலே நீலவட்டத்துள் அமைந்த செம்புள்ளிகள், கீழ்ச்செட்டைகளுக்கு வெண்கரை. பட்டுச்சேலை நெய்தவன் இதனைப் பார்த்தே நெய்தானோ என்று வியந்தேன்.

அதன்பின் நெடுநேரம் ஒன்றும் அகப்படவில்லை. ஓடையொன்று ஏரியிற் கலக்கும் மூலையைச் சிறுவன் சுட்டிக்காட்டி, அங்கே போவோம் என்று அடம்பிடித்தான். அவன் எண்ணம் பிழையன்று. புதுநீர் வரும் இடத்தை மீன் விரும்பும். தகப்பன் முன்னே சென்று இரும்புக்கோலாற் குத்தினான். இருபது அடி சென்றதும் ஒலி மாறியது. இன்னும் ஒரு குத்து. கோல் ஒரே வீச்சில் உள்ளே இறங்கியது. சாம்பல்நிறக் கட்டியின்மேல் நீர் படர்ந்தது. ஓடும் நீரும் ஊற்று நீரும் பனிக்கட்டியை அடியிலிருந்தே அரித்துவிடுகின்றன. மீன் விரும்பும் இடமே மனிதனுக்கு ஆபத்தான இடம்!

"அசையாதேங்கோ பெரியப்பா! வந்த அடியிலையே திரும்பி நடவுங்கோ. தம்பியின்ரை கையைப் பிடியுங்கோ," என்றான் பெறாமகன். குரல் உயரவில்லை, முகம் மட்டும் வெளுத்திருந்தது. கரை சேரும்வரை எவரும் பேசவில்லை. இன்னும் சிறிது தூரம் போயிருக்கலாமே என்று சிறுவன் அழுதான். தகப்பன் அவனை அதட்டவில்லை. கோலில் நனைந்திருந்த அடையாளத்தைக் காட்டி, "இவ்வளவுதான் இருந்தது," என்றான். மூன்று அங்குலமும் இராது.

திரும்பும் வழியில், "தாத்தா, உங்கடை ஊரிலை ஆறு இருக்கோ?" என்று சிறுவன் கேட்டான். "இருக்குது ராசா, நிலத்துக்குக் கீழை இருக்குது," என்றேன்.

நான் கூறியது பொய்யன்று. நம் ஊரின் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல்; அதன் துவாரங்களிலே மழை விட்டுச் சென்ற நன்னீர். அந்நன்னீரோ கடலின் உவர்நீர்மேல் மிதந்து நிற்கின்றது, ஏரிமேற் பனிக்கட்டி மிதப்பது போலவே. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் இனிக்க, அடிநீர் உவர்ப்பது இதனாலன்றோ? நன்னீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது அறிஞர் வகுத்த பெரும்படிக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே எவ்வளவு உவர்நீர் ஏறிவரும் என்பதை மாணவர்கள் தாமே கணித்துக்கொள்ளலாம்.

துலா மிதித்து இறைத்த நம் முன்னோரைக் களைப்பே கட்டுப்படுத்திற்று. மின்விசை இயந்திரத்துக்குக் களைப்பு ஏது? போதாக்குறைக்கு, பயிருக்கு அளவின்றி இடும் உரமும் அந்நீருக்கே இறங்குகின்றது. கனடா நாட்டார் பனிமேற் காலை வைக்குமுன் குத்திப் பார்க்கின்றனர். நாமோ தேநீர் உவர்த்தபின்னரே கிணற்றை எட்டிப் பார்க்கின்றோம்.

ஊர் திரும்பியதும் ஒரு கயிற்றிலே அடிக்கு ஒரு முடிச்சிட்டு, நுனியிற் கல் கட்டி, ஞாயிறுதோறும் கிணற்று நீரின் மட்டத்தை அளந்து பழைய கொப்பியொன்றிற் குறித்து வருகின்றேன். வரும் விடுமுறைக்குச் சிறுவன் வருவதாகத் தொலைபேசியிற் கூறியுள்ளான். அக்கயிற்றை அவன் கையிற் கொடுப்பேன். மருதனார்மடத்தின் ஆற்றை அவனும் ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.