எடையில் அகப்படாத நுனி

கிராமக் கோயிலொன்றின் திருப்பணியை ஏற்று நடத்தும் நண்பர் ஒருவர், கோபுரத்துக்குச் செப்புக் கலசங்கள் செய்யக் கொடுத்திருந்த கும்பகோணத்துப் பட்டறைக்குத் தம்மோடு வரும்படி அழைத்தார். நானும் ஆவலோடு புறப்பட்டேன்.

கலசத்தை ஒரே பாத்திரமாக அடிப்பதில்லை. பத்மம், கும்பம், கழுத்து, மொட்டு என்று அங்கம் அங்கமாகத் தகட்டில் செய்து, உச்சியில் நட்ட மரத்தண்டில் கோத்து, உள்ளே வரகு முதலிய தானியங்களை நிரப்புகிறார்கள். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்தின்போது அவற்றை மாற்றுவது வழக்கம். இதே உருவம் அளவு குறுகித் தேரின் சிகரத்திலும், கட்டில் காலின் தலையிலும், மாடிப்படிக் கைப்பிடித் தூணிலும், குத்துவிளக்கின் உச்சியிலும் குமிழாகவோ மொட்டாகவோ அமர்ந்திருக்கிறது. நிமிர்ந்து எழும் எதையும் மொட்டையாக விட்டுவிட நம்மவர் மனம் ஒப்புவதில்லை போலும்.

பட்டறையில் முதிய கன்னார் ஒருவர் மொட்டு அடித்துக்கொண்டிருந்தார். உலையில் சிவக்கக் காய்ச்சிய தகட்டைத் தண்ணீரில் முக்கியெடுத்து, கொட்டாப்புளியால் தட்டிக் குவித்து, மறுபடி தீயிலிட்டார்.

"அடிக்க அடிக்கச் செம்பு முரண்டு பிடிக்கும் தம்பி, நெருப்பைக் காட்டினாத்தான் சொன்ன பேச்சுக் கேட்கும். கும்பத்தை அடிச்சிடலாம், இந்த மொட்டுதான் உயிரை வாங்கும். நுனியை இழுக்க இழுக்கத் தகடு மெலியும். ஒரு அடி கூடினாலும் விரிசல்."

"கூலி எப்படி அய்யா?"

"கிலோ கணக்குத்தான்."

பற்றவைப்பதும் மெருகிடுவதும் அப்பால் நடந்தன. என் மனம் இந்தக் கிலோ கணக்கிலேயே நின்றுவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு ராஜராஜன் 1010இல் அளித்த செப்புக் குடத்தின் எடை 3,083 பலம் என்றும், அதன்மேல் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு என்றும் கல்வெட்டு துல்லியமாகச் சொல்கிறது. அடித்தவன் பட்ட பிரயாசை அந்த வாசகத்தில் இல்லை. ஆனால் அது தானத்தின் கணக்கு. கூலிக்கும் தராசையே பிரமாணமாக்கியவர் கோயிலுக்கும் கன்னாருக்கும் நடுவே நிற்கும் காண்டிராக்டர். செம்பை அவரே நிறுத்துக் கொடுக்கிறார், சேதாரத்தைக் கழிக்கிறார், மிஞ்சிய எடைக்குக் கூலி தருகிறார். வேலை நயமாக ஆக ஆக எடை குறையும். எடை குறையக் குறையக் கூலியும் குறையும். உபயதாரர் பெயரைக் கும்பத்தில் பொறிக்க இடம் கண்ட நமக்கு, மொட்டுக்குத் தனிக் கூலி என்று கணக்கில் ஒரு வரி எழுத இடமில்லாமற் போனது அநியாயமன்றி வேறென்ன?

நண்பரிடம் இதைச் சொன்னேன். ஊர்க் கூட்டத்தில் எடையைக் காட்டினால்தான் கணக்கை ஒப்புவார்கள் என்று அவர் தயங்கினார்.

கிழவர் சுத்தியலை நிறுத்தாமலே சிரித்தார்: "அப்போ மொட்டையும் கும்பம் கனத்துக்கு அடிச்சுத் தரட்டுமா? எனக்கும் வேலை மிச்சம், கூலியும் கூட."

நண்பரால் பதில் சொல்ல முடியவில்லை. மொட்டுக்குத் தனியாக ஒரு தொகை பேசி, அதைக் கணக்குப் புத்தகத்திலும் எழுதிக்கொண்டார்.