கம்பி வராத வீட்டுக்கு இணையம்

மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில், கடைசி மின்கம்பத்தைத் தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் தோட்டத்து வீடுகள் உண்டு. கூரையில் ஒரு சோலார் பலகை, திண்ணையோரம் ஒரு பேட்டரி, அதில் எரியும் நாலைந்து எல்இடி விளக்குகள். அங்கே மின்சாரம் என்பது இவ்வளவுதான். இப்படிப்பட்ட வீட்டுக்குக் கண்ணாடி இழைக் கேபிளும் வருவதில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே வழியில் வருபவை. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் டான்பிநெட் திட்டத்தில் கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேதான் இழுக்கப்படுகிறது. கம்பம் எங்கே முடிகிறதோ அங்கே இழையும் முடிந்துவிடும். நடுவில் காப்புக்காடு குறுக்கிட்டால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வாங்க வேண்டும். ஒற்றை வீட்டுக்காக அந்தக் கோப்பை யாரும் நகர்த்தப் போவதில்லை.

ஆகவே இணையம் காற்றில்தான் வர வேண்டும். பக்கத்துக் கைபேசிக் கோபுரத்திலிருந்து வரலாம், எதிர்மலையில் இருக்கும் இன்னொரு வீட்டிலிருந்து வரலாம், வானத்திலிருந்தும் வரலாம். எப்படி வந்தாலும் கடைசியில் அது அந்தத் திண்ணையோரப் பேட்டரியை நம்பித்தான் ஓடியாக வேண்டும். விற்பவர் சொல்வது வேகத்தை. மலைவீட்டுக்காரர் முதலில் கேட்க வேண்டியது எத்தனை வாட் என்று.

கைபேசிக் கோபுரம்தான் செலவு குறைந்த வழி. மலையில் சிக்னலே கிடையாது என்ற பேச்சு பாதிதான் உண்மை. கீழ்ப்பழனி மலையில் வத்தலக்குண்டுச் சமவெளியைப் பார்த்த சரிவில் நிற்கும் வீட்டுக்குக் கீழே ஒன்றல்ல, பல கோபுரங்கள் நேர்ப்பார்வையில் கிடைக்கும். கைபேசியில் கட்டங்கள் நிறைந்து நிற்கும், ஆனால் ஒரு புகைப்படம் இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். இதற்குக் காரணம் உயரம். ஒரு கோபுரத்தின் அலை அடுத்த கோபுரத்தின் எல்லைக்குள் அதிகம் நுழையாது என்ற கணக்கில்தான் இந்த வலையமைப்பு போடப்படுகிறது. சமவெளியில் வீடும் தோப்பும் அலையை மறித்து அந்தக் கணக்கைக் காப்பாற்றுகின்றன. மலைமேல் அந்த மறைப்பு இல்லாததால், ஒரே அலைவரிசையில் பல கோபுரங்களின் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் இது எண்ணாகவே தெரியும். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் வலு. மைனஸ் 85 என்றால் நல்லது, மைனஸ் 115 என்றால் விளிம்பு. எஸ்ஐஎன்ஆர் என்பது மற்றக் கோபுரங்களின் குறுக்கீட்டையும் இரைச்சலையும்விடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்ற கணக்கு. கைபேசிக் கட்டங்கள் காட்டுவது பெரும்பாலும் முதல் எண்ணை, வேகத்தை முடிவு செய்வதில் இரண்டாவதற்குத்தான் பங்கு அதிகம். ஆகவே ஒரு பக்கத்து அலையை அதிகமாகப் பிடிக்கும் திசை ஆன்டெனாவைப் பொருத்துபவர் அதை ஒரு கோபுரத்தை நோக்கிக் குத்துமதிப்பாகத் திருப்பி இறுக்கிவிட்டு இறங்கக் கூடாது. சில பாகை திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்து, இரண்டாவது எண்ணைப் பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும். கிட்டத்துக் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிவிட்டுத் தூரத்துக் கோபுரத்தைப் பிடித்தால் வேகம் கூடுவதும் உண்டு.

மேட்டுக்குப் பின்புறம் பள்ளத்தில் இருக்கும் வீட்டின் கதை வேறு. அங்கே ஏதோ ஒரு பாறைமேல் ஏறி நின்றால் மட்டும் பேச முடியும், அந்தப் பாறை எது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அலைவரிசை எண் இங்கேதான் முக்கியமாகிறது. 2300 மெகாஹெர்ட்ஸ் அலை மேட்டைத் தாண்டி வளைந்து இறங்குவது அரிது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஓரளவு வளையும். பிஎஸ்என்எல் தன் 4ஜி சேவைக்கு 700ஐப் பயன்படுத்துகிறது. கைபேசிச் சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாயில் 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை அனுமதித்த திட்டமும் அந்த நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. ஆனால் வாங்கும் ரவுட்டருக்கு 28ஆம் எண் பட்டை தெரியாவிட்டால், கோபுரம் பக்கத்திலேயே இருந்தாலும் 700இல் வரும் அலை அதற்குக் கேட்காது. பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் இந்த விவரத்தைப் படித்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது.

அந்தப் பாறைமேல் கம்பம் நட்டு, ஆன்டெனாவிலிருந்து வீடுவரை மெல்லிய கருப்புக் கேபிளை இழுத்து விடுவது பலர் செய்யும் வேலை. ஆர்ஜி 58 வகைக் கேபிள் பத்து மீட்டர் ஓடினால், 2 கிகாஹெர்ட்ஸ் அலையில் பிடித்த சிக்னலில் நாலில் மூன்று பங்குக்கு மேல் கேபிளுக்குள்ளேயே கரைந்துவிடும். அதைவிட ரவுட்டரையே கம்பத்தில் ஏற்றிவிடலாம். வெளியில் வைப்பதற்கென்றே செய்த ரவுட்டர்கள் கிடைக்கின்றன. ஒரே ஈதர்நெட் கேபிளில் தகவலும் கரண்டும் சேர்ந்து 100 மீட்டர் வரை ஓடும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சிக்னல் பூஸ்டரை வாங்குவது இந்தியாவில் சட்டவிரோதம். அது சுற்றுவட்டாரத்து அழைப்புகளையும் கெடுக்கும்.

பள்ளத்தில் எதுவுமே எட்டாவிட்டால், இணைப்பு இருக்கும் வேறொரு இடத்திலிருந்து அதை வைஃபை வழியாக எறியலாம். இதற்குப் பழனி மலையின் அடிவாரத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றியுள்ள ஊர்களின் பார்வை மையங்களையும் 2000களின் நடுவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒன்று நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. எரிக் புரூவர் தலைமையிலான குழு அது. மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார்.

வைஃபை வீட்டுக்குள் புழங்குவதற்காகப் பிறந்தது. ஒரு தகவல் துண்டை அனுப்பியதும் மறுமுனையிலிருந்து வந்து சேர்ந்தது என்ற பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். பல கிலோமீட்டர் போய்வர அந்த நேரம் போதாது. பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே, துண்டு தொலைந்தது என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பும். அந்தக் குழு காத்திருப்பை நீட்டியது, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி நெறிமுறையை மாற்றியது. இன்று கடையில் வாங்கும் நெடுந்தூர வைஃபைத் தட்டுகளில் இந்த ஏற்பாடுகள் கூடவே வருகின்றன. வெனிசுலாவில் எர்மான்னோ பியத்ரோசெமோலி 2007இல் இரண்டு மலையுச்சிகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் எறிந்து காட்டினார். தோட்டத்து வீட்டுக்கு ஐந்து, பத்துக் கிலோமீட்டரே தாராளம். இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியை வெளியிடத்தில் பயன்படுத்த 2018 அக்டோபர் முதல் உரிமம் தேவையில்லை.

எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைப்பதில்தான் பலருடைய இணைப்பு கெடுகிறது. அலை ஒரு கோடாகப் போவதில்லை, நடுவில் பருத்துப் போகிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் பத்துக் கிலோமீட்டர் இணைப்பின் நடுப்பகுதியில் நேர்கோட்டைச் சுற்றி சுமார் 11 மீட்டர் ஆரத்துக்கு அலைக்கு இடம் வேண்டும், அதில் குறைந்தது அறுபது சதவீதமாவது மறைப்பின்றி இருக்க வேண்டும். மலைத் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏறுவதற்கும் நிழலுக்கும் சில்வர் ஓக் வைத்திருப்பார்கள், அது வேகமாக உயரும் மரம். தட்டு பொருத்திய வருடம் பழுதில்லாமல் ஓடிய இணைப்பு இரண்டு மழைக்காலம் கழித்துத் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் இந்த மரம்தான் காரணம். ஈர இலை அலையை இன்னும் அதிகமாக விழுங்கும். அதனால் கோடையில் பார்த்துத் திருப்திப்பட்ட இணைப்பை ஐப்பசியிலும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எறிவதற்கும் ஆள் இல்லாத வீட்டுக்கு வானம்தான் மிச்சம். இஸ்ரோவின் ஜிசாட் 11, ஜிசாட் 29 செயற்கைக்கோள்கள் வழியாக ஹியூஸ் நிறுவனம் 2022 செப்டம்பரில் இந்தியாவில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. ஜிசாட் 11 இருப்பது கிழக்கு 74 பாகையில். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அது ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலே, அடிவானத்திலிருந்து 77 பாகை உயரத்தில் நிற்கும். நார்வே போன்ற வடநாடுகளில் இந்த வகைச் செயற்கைக்கோள் அடிவானத்தை ஒட்டிக் கிடப்பதால் எதிரே ஒரு குன்று நின்றாலே மறைந்துவிடும். இங்கே அந்தக் கவலை இல்லை, மரங்களுக்கு நடுவே சரியான இடத்தில் ஒரு சிறிய வான்துண்டு போதும். குறை தூரத்தில் இருக்கிறது. 35,786 கிலோமீட்டர் உயரத்துக்குக் கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்க, ஒளி வேகத்திலேயே அரை விநாடி கழிந்துவிடும். கடிதமும் செய்தியும் படிப்பதற்கு இது ஒரு பொருட்டில்லை. நேரில் முகம் பார்த்துப் பேசும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

ஸ்டார்லிங்கின் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் இந்தத் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அவை ஓடிக்கொண்டே இருப்பவை. தட்டுக்கு ஒரு துண்டு வானம் போதாது, அகன்ற திறந்த வானம் வேண்டும். ஓங்கிய பலாமரத்துக்குப் பின்னால் ஒன்று போகும்போதெல்லாம் பேச்சு சில நொடி அறுந்து சேரும். இந்தியாவில் உரிமம் பெறுமுன் முன்பதிவு நடந்ததை 2021இல் அரசு நிறுத்தியது. தொலைத்தொடர்புத் துறை உரிமம் 2025 ஜூனில்தான் கிடைத்தது. இலங்கையில் 2025 ஜூலையில் சேவையே தொடங்கிவிட்டது.

இனி பேட்டரி. 4ஜி ரவுட்டர் ஒன்று சுமார் 6 வாட் எடுக்கும், ஒரு நாளைக்கு 144 வாட்மணி. ஸ்டார்லிங்கின் வழக்கமான தட்டு 50 முதல் 100 வாட், மினி தட்டு 25 முதல் 40 வாட். மினியை 30 வாட் என்று வைத்தாலும் நாள் முழுக்க 720 வாட்மணி ஆகிறது. 12 வோல்ட் 150 ஆம்பியர்மணி டியூபுலர் பேட்டரியில் அடங்குவது 1,800, நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் தொடலாம். அதாவது 900. வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் வெயில் முகமே தெரியாமல் போவது மலையில் சாதாரணம். அந்த மூன்று நாளில் ரவுட்டர் 432 வாட்மணியோடு நிற்கும், விளக்குக்கும் மிச்சம் இருக்கும். மினி தட்டு 2,160 கேட்கும். மாலை ஆறிலிருந்து பத்துவரை மட்டும் ஓட்டினால் அதே தட்டு நாளுக்கு 120ல் முடித்துக்கொள்ளும். ஐநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் டைமர் சுவிட்ச் இங்கே இன்னொரு பேட்டரி வாங்கும் செலவை மிச்சம் பிடிக்கிறது.

பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டரில் 230 ஆக ஏற்றி, அடாப்டரில் மறுபடி 12 ஆக இறக்கி ரவுட்டருக்குக் கொடுப்பது பரவலான வழக்கம். சுமையே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் இன்வெர்ட்டர் பத்து, இருபது வாட் தின்னும். பண்ணையாளைவிடக் கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் அதிகம் கொடுக்கும் கதைதான். நேரே பேட்டரியில் மாட்டலாமா என்றால் அதுவும் கூடாது, சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் வரை போகும், விடியற்காலையில் 11க்கு இறங்கும். ஏற்றியும் இறக்கியும் சரியாக 12ஐத் தரும் சிறு மாற்றி ஒன்றை நடுவில் வைத்து, பேட்டரி முனையருகே ஒரு ஃப்யூஸும் போட வேண்டும். தேனி வலையமைப்பிலும் பழுதுகளில் பெரும்பாலானவை ரேடியோவால் வந்தவை அல்ல, தாறுமாறான மின்சாரத்தால் வந்தவை என்றே அந்தக் குழு எழுதியது. அங்கே கெடுத்தது ஊர்க் கம்பியின் கரண்ட், இங்கே கெடுப்பது தளர்ந்த பேட்டரி. ரவுட்டர் அணைந்து அணைந்து எரிந்தால் அடையாளம் ஒன்றுதான்.

மேட்டில் நட்ட இரும்புக் கம்பம் இடியை அழைக்கும். தரையிணைப்பும் மின்னெழுச்சித் தடுப்பானும் ஓரளவுக்கே காக்கும். வானம் கறுத்தால் கரண்ட் பிளக், ஈதர்நெட் பிளக் இரண்டையும் பிடுங்கிவிடுவது தோட்டங்களில் பழகிப்போன வைத்தியம். கம்பத்துக்குத் தனியாக ஒரு சிறு பலகையும் பேட்டரியும் வைத்து, கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவே கண்ணாடி இழையைப் போட்டால் மின்னல் வீட்டுக்குள் வரும் அந்த வழி அடைபடும். குரங்கும் எலியும் கேபிளைக் கடிக்காமல் இருக்கக் கருப்பு ஓஸ் குழாய்க்குள் விட்டுப் புதைப்பார்கள். பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டுவதைத் தடுக்கத் துளைகளில் மெழுகோ எம்சீலோ வைப்பார்கள். வெள்ளை நைலான் கட்டுகள் வெயிலில் சீக்கிரமே உதிரும், கறுப்புதான் தாங்கும்.

கடைசியாக ஒரு சிக்கல், பலரும் இணைப்பு வந்த பிறகே கண்டுபிடிப்பது. வானத்து வழியோ எதிர்மலை வழியோ இணையம் வந்துவிடும், ஆனால் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் கோபுரம் வழியாக அல்லவா வர வேண்டும்? வைஃபை வழி அழைப்பை ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கின. அது இயங்கும் கைபேசிகள் பலவற்றில் குறுஞ்செய்தியும் அதே வழியில் வந்து சேரும். தட்டு வாங்கும் முன்பே சிம்மிலும் கைபேசியிலும் அந்த வசதி இருக்கிறதா என்று ஊருக்குள் ஒரு வைஃபையில், கோபுரச் சிக்னலை அணைத்துவிட்டுச் சோதித்துக்கொள்ளலாம்.