ஐஸ்லாந்துப் பெண்கள் ஆடும் புல்வெளி

ரெய்க்யவிக்,
ஆகஸ்ட் 2025

அன்புள்ள தோழி,

எரிமலை, வெந்நீர் ஊற்று என்றுதான் என் முதல் கடிதம் இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பாய். அவை அடுத்த கடிதத்துக்கு. இந்த ஊர்ப் பெண்களின் கால்பந்தைப் பற்றி இப்போதே உனக்குச் சொல்லியாக வேண்டும்.

நகர மையத்துக்குக் கிழக்கே லேய்கார்தால்ஸ்வோத்லுர் என்ற தேசிய மைதானம் இருக்கிறது. பத்தாயிரம் பேர்கூட உட்கார முடியாது. பக்கத்திலேயே நகராட்சி நீச்சல் குளம். வானம் தெளிந்தால் எதிரே எஸ்யா மலை. நாட்டின் மொத்த மக்கள்தொகையே நான்கு லட்சத்தைத் தொடவில்லை. 2024 ஜூலை 12 அன்று ஐஸ்லாந்துப் பெண்கள் இங்கேதான் ஜெர்மனியை 3-0 என்று வீழ்த்தினார்கள். ஐரோப்பியக் கோப்பையை எட்டு முறை வென்ற ஜெர்மனியை! அந்த வெற்றியோடு, தொடர்ந்து ஐந்தாவது முறையாக ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள்.

முதல் தகுதி வந்த கதை இன்னும் பெரிது. 2008 அக்டோபர் தொடக்கத்தில் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. சேமிப்பு என்னவாகும், வீட்டுக் கடன் என்னவாகும் என்று ஊரே கலங்கிக் கிடந்த அந்த மாதத்தின் கடைசியில், இதே மைதானத்தில் பனி உறைந்து வழுக்கிய தரையில், அயர்லாந்தை 3-0 என்று வென்றார்கள். பெரிய சர்வதேசப் போட்டி ஒன்றுக்கு ஐஸ்லாந்தின் முதுநிலை கால்பந்து அணி ஒன்று தகுதி பெற்றது அதுதான் முதல் தடவை. ஆண்கள் அணிக்கு அந்த வாய்ப்பு 2016இல்தான் கிடைத்தது. உலகம் கொண்டாடியதோ 2016ஐத்தான். அதற்குப் பல ஆண்டு முன்னாலேயே பெண்கள் திறந்த வாசல் அது என்று எத்தனை பேர் எழுதினார்கள்?

இந்த அணியை அதிசயம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உழைப்பும் பணமும் போட்டு வளர்த்த அணி இது. அதை நேரில் பார்க்கத்தான் கோபவோகுர் போனேன். ரெய்க்யவிக்கை ஒட்டிய ஊர். பிரேய்தாப்லிக் கிளப்பின் திடலும், முழு அளவு ஆடுகளத்துக்கே கூரை போட்ட ஃபீஃபன் என்ற கூடமும் அங்கே இருக்கின்றன. நடுக் குளிர்காலத்தில் இந்த நாட்டில் நான்கைந்து மணி நேரம்தான் வெளிச்சம். காற்றோ ஆளைத் தள்ளும். 2000க்குப் பிறகு இப்படிக் கூடங்களைக் கட்டினார்கள். சிறு பிள்ளைகளுக்கும் முறையான பயிற்சியும் உரிமமும் பெற்ற, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்களை வைத்தார்கள். பிள்ளைகளின் கிளப் கட்டணத்தில் ஒரு பகுதியை நகராட்சியே ஏற்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில் இந்தக் கிளப் சிறுமிகளுக்கென்றே நடத்தும் போட்டிக்கு நாடெங்குமிருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

நான் போனபோது பத்து வயதுப் பிள்ளைகள் செயற்கைப் புல்லில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி ஓரக்கோட்டில் நின்று பந்தைச் சட்டையில் அழுத்தித் துடைத்தாள். பின்னால் ஆறேழு அடி நகர்ந்து ஓடிவந்து, முதுகை வில்லாக வளைத்து இரு கையாலும் எறிந்தாள். பந்து பாதி தூரத்தில் விழுந்தது. பயிற்சியாளர் அம்மா இன்னொரு பந்தை உருட்டிவிட்டு, பின்கால் தரையை விட்டு எழக்கூடாது என்று தன் காலை வைத்துக் காட்டினார். மறுபடி துடைப்பு, மறுபடி ஓட்டம். அவள் பழகிய அந்த எறிதல் தேசிய அணி வீராங்கனை ஸ்வேந்தீஸ் ஜேனுடையது. தாய் கானாவைச் சேர்ந்தவர், தந்தை ஐஸ்லாந்துக்காரர். விமான நிலையத்தை ஒட்டிய கெஃப்லாவிக்கில் வளர்ந்தவள். ஸ்வேந்தீஸ் ஓரத்திலிருந்து எறியும் பந்து கோல் முகத்திலேயே போய் விழும்.

இத்தனையும் தானாக வந்துவிடவில்லை. 1975 அக்டோபர் 24 அன்று இந்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் அலுவலக வேலை, வீட்டு வேலை இரண்டையும் நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 1980இல் விக்திஸ் ஃபின்போகதோத்திர் என்ற பெண் குடியரசுத் தலைவரானார். 1981இல்தான் பெண்கள் அணி முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது. ஸ்காட்லாந்திடம் 3-2 என்று தோற்றது. அப்படிப்பட்ட நாட்டிலும் 1980களின் இறுதியில் சில ஆண்டுகள் பெண்கள் தேசிய அணியே இயங்கவில்லை. ஆட்டத்துக்கான ஊக்கத்தொகை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று என்று கால்பந்து சங்கம் அறிவிக்க 2018 வரை ஆயிற்று. பெண்கள் அணியின் மார்க்ரியெத் லாரா வித்தர்ஸ்தோத்திர் நாட்டுக்காக 79 கோல் அடித்தார். ஆண்களில் ஒருவரும் அதில் பாதியைத் தொட்டதில்லை.

சாரா பியோர்க் குன்னர்ஸ்தோத்திரை உனக்குக் கட்டாயம் அறிமுகப்படுத்த வேண்டும். வெளிநாடு போகுமுன் அவர் ஆடியது இதே பிரேய்தாப்லிக்கில்தான். 2020 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லியோன் கிளப்புக்காகக் கோல் அடித்தவர். மறு ஆண்டு கருவுற்றபோது கிளப்பிலிருந்து முழுச் சம்பளம் வரவில்லை. அவர் விடவில்லை. வழக்கு ஃபிஃபாவுக்குப் போனது. லியோன் 82,000 யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பிள்ளை பெற்ற எட்டே மாதத்தில், 2022 ஐரோப்பியக் கோப்பையில் அணித் தலைவியாக இறங்கினார். அந்தத் தீர்ப்பை அவர் அடித்த எந்தக் கோலுக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

தோல்விகளையும் மறைக்க மாட்டேன். 2022இல் பெல்ஜியம், இத்தாலி, பிரான்ஸ் மூன்றோடும் 1-1. ஒன்றிலும் தோற்காமலே வெளியேறினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் உட்ரெக்ட்டில் நெதர்லாந்தோடு சமன் செய்தாலே உலகக் கோப்பை என்ற நிலை. 93ஆம் நிமிடத்தில் நெதர்லாந்து கோல் அடித்தது. அடுத்த மாதம் போர்ச்சுகலிடம் கூடுதல் நேரத்தில் தோற்று, மிச்சமிருந்த வழியும் அடைபட்டது. 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்விதான். கடைசி ஆட்டத்தில் நார்வேயிடம் 1-4 என்று பின்தங்கியும் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்தார்கள். இரண்டாவது, தலைவி கிளோதிஸ் பெர்லாவின் பெனால்ட்டி. கணக்கில் அதற்கு மதிப்பில்லை, எனக்கு உண்டு.

உலகக் கோப்பையில் இவர்கள் இன்னும் ஒருமுறைகூட ஆடியதில்லை. 2027 பிரேசில் போட்டிக்கான தகுதி ஆட்டங்கள் 2026இல். இங்கே மாலை ஏழு என்றால் உனக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. தூக்கம் போனாலும் பரவாயில்லை, ஒரு ஆட்டமாவது முழுசாகப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தோழி