பனிக்கடலை இரு கண்ணால் கண்டது

பிரெஞ்சு தேசத்து ஷமோனி பட்டணத்திலிருந்து பல்சக்கரம் பூட்டிய சிறு ரயிலில் மலைச்சரிவேறி, ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலுள்ள மோந்தன்வேரில் இறங்கினால் ‘மேர் த கிளாஸ்’ என்னும் பனியாற்றைத் தரிசிக்கலாம் என்று சொல்லி, பாரிஸில் குடியேறிவிட்ட என் மருமகன் என்னை அழைத்துச் சென்றான். கோடையில் மணலே மிகுதியாய்த் தோன்றும் சங்கராபரணியை அடுத்த செல்லிப்பட்டில் வளர்ந்த எனக்கு, உறைந்து கிடந்தபடியே நகரும் ஆறு என்பது புராணக் கற்பனையாகவே பட்டது. அங்கே கண்டதோ சாம்பல் நிறக் கற்குவியலும், வெகு ஆழத்தில் அழுக்கேறிய பனியுமே. பனியைத் தொட ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். வழியெங்கும், இன்ன ஆண்டில் பனி இம்மட்டத்தில் இருந்தது என்று அறிவிக்கும் பலகைகள். 1850-க்குப் பின் இவ்விடத்தில் பனியின் கனம் நூறு மீட்டருக்கும் மேலாகக் குறைந்துவிட்ட விருத்தாந்தம் என் முழங்கால்களுக்கு நன்றாகவே விளங்கிற்று.

“பழைய பனியைப் பார்க்கணும்னா வீட்டுக்கு வாங்க, மாமா” என்றான் அவன். பழஞ்சந்தையில் வாங்கிய மரப்பெட்டி ஸ்டீரியாஸ்கோப்பில், புகைப்படக்காரர்களான ஃபெரியேயும் சூலியேயும் வெளியிட்ட கண்ணாடிப் படம் ஒன்றைச் செருகிச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட பிம்பங்களைக் காட்டினால் மனம் அவற்றை ஒன்றாக்கி ஆழத்தைப் பிரத்தியட்சமாக்கும் என்று சார்லஸ் வீட்ஸ்டன் 1838-ல் நிரூபித்ததும், டேவிட் புரூஸ்டர் 1849-ல் அதைக் கையடக்கமான லென்ஸ் பெட்டியாக்கியதும் நான் படித்தவையே. ஆயினும், தனிப்படத்தில் சுண்ணாம்படித்த சுவரெனத் தட்டையாய்க் கிடக்கும் பனி, அந்தப் பெட்டிக்குள் பிளந்து பிளந்து பாதாளங்களாய் இறங்கியபோது என் உள்ளங்கால் கூசிற்று.

இத்தகைய படங்களுக்காக அக்காலப் புகைப்படக்காரர்கள் பட்ட பாடு சாமானியமானதன்று. கொல்லோடியன் பூசிய தகட்டின் ஈரம் உலருமுன் படமெடுத்து, கூடாரத்து இருட்டிலேயே கழுவி முடித்தாக வேண்டும். கண்ணிடை தூரமாகிய இரண்டரை அங்குலம் தொலைதூரச் சிகரங்களுக்குப் போதாதாகையால், காமிராவைப் பல அடி பக்கவாட்டில் நகர்த்தி மறுபடம் எடுப்பதும் உண்டு. அதற்குள் மேகம் நகர்ந்தால் ஜோடி பொருந்தாது. 1861-ல் ஓகுஸ்த்-ரோசாலி பீசோன், இரட்டைப்படமாக அன்றி ஒற்றைப்படமாகவே மோன் பிளான் சிகரத்தைப் பிடிக்க, 25 சுமைகூலிகளோடு ஏறிப் பனியை உருக்கித் தகடு கழுவினார்.

நம் பக்கத்திலும் இக்கலை வந்ததுண்டு: சென்னை ராஜதானியின் சர்க்கார் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், 1858-லேயே மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி ஆகியவற்றை இரட்டைப்படங்களாக வெளியிட்டார். நம் கோயில் ஸ்தம்பங்கள் நிழலாலேயே தம் ஆழத்தைச் சொல்லிவிடும். பனிக்கோ அந்தப் பாக்கியமில்லை. ஆகவே, இச்சாதனம் ஆல்ப்ஸில்தான் தன் முழுப் பயனை அடைந்தது என்பேன்.

புதுவை வீட்டுப் பழம்பெட்டிகளில் இத்தகைய ஜோடிக் கண்ணாடிகள் அகப்பட்டால், அன்பர்களே, அவற்றைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.