கியர்பொக்ஸை இறக்காத பாஸ்

திருகோணமலையிலிருந்து கண்டி வீதியில் வந்து சீனக்குடாச் சந்தியைத் தாண்டினால் வீதி பெரிய வாகனங்களுடையது. சீமெந்து லொறிகள், மா ஆலைக்குப் போய்வரும் கொள்கலன்கள், எண்ணெய்க் குதத்துப் பவுசர்கள். இவற்றுக்கு இடையில் புகுந்து புகுந்து ஓடுவது கெப் என்று நாங்கள் சொல்லும் பிக்கப். தம்பலகாமத்து நெல்மூட்டையும் கிண்ணியா மீன்பெட்டியும் அதன் முதுகில்தான் போகின்றன. நான் பார்த்தவற்றில் அநேகமானவை எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் செய்யப்பட்ட ஹைலக்ஸ்கள், எல்-200கள். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களோடு வந்து பின்னர் கைமாறிய டபுள் கெப்புகளும் உண்டு.

இவை இன்னும் ஓடுவதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. புதுக் கெப் வாங்க இருந்தவர்கள் பழசையே வைத்துக்கொண்டார்கள். முப்பது வருட வாகனத்தை இன்னும் பத்து வருடம் ஓட்டுவது எப்படி என்பது ஊர்க் கராஜ்களின் தலையில் விழுந்தது.

கப்பல்துறையில் வீதியோரமாக ஒரு கராஜ். தகரக் கூரை, சீமெந்து பூசிய குழி ஒன்று, லிஃப்ட் கிடையாது. நடத்துகிறவர் அறுபதைக் கடந்தவர். எல்லோருக்கும் அவர் பாஸ். கியர் சரியாக விழாத வாகனங்களைக் கந்தளாயிலிருந்தும் மூதூரிலிருந்தும்கூட இவரிடம் கொண்டுவருகிறார்கள். கியர்பொக்ஸ் வேலையில் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டுப் போன எனக்கு அங்கே முதலில் தெரிந்த விஷயம், அவர் கியர்பொக்ஸைக் கழற்றுவது மிக அபூர்வம் என்பது.

நான் போன காலையில் கிண்ணியாவிலிருந்து ஒரு ஹைலக்ஸ் வந்து நின்றது. மீன் ஏற்றுகிற வாகனம் என்று வாசனையே சொன்னது.

"பாஸ், செகண்ட் விழுகுதில்ல. ரிவர்ஸ் போட்டா கறகற எண்டு கத்துது. கியர்பொக்ஸ இறக்கோணும் எண்டு டவுன்ல சொல்றாங்க."

"இறக்கிறது பிறகு, தம்பி. என்ஜினை நிப்பாட்டிப்போட்டு எல்லாக் கியரையும் ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ."

போட்டுக் காட்டினார். என்ஜின் நின்றபோது எல்லாக் கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தன, லீவர் மட்டும் விழப்போகிற பால்பல்லாக ஆடியது. பாஸ் தலையை ஆட்டிவிட்டு என்ஜினை இயக்கச் சொன்னார். கிளட்சை முழுதாக மிதித்து, மனதுக்குள் எண்ணுவதுபோல் கொஞ்ச நேரம் பொறுத்து, ரிவர்ஸ். கறகற.

அவருடைய சோதனை முழுவதும் அவ்வளவுதான். இந்தப் பழைய கியர்பொக்ஸ்களில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. கிளட்ச் முழுதாக விலகியிருந்தால் உள்ளே சுழல்கிற தண்டு சில நொடிகளில் தானாக நின்றுவிடும். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். பொறுத்துப் போட்டும் கத்துகிறது என்றால் என்ஜினின் சுழற்சி இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. குற்றம் கிளட்சில், கியர்பொக்ஸில் இல்லை. என்ஜின் நின்றபிறகும் லீவர் முரண்டு பிடித்தால்தான் லீவரையும் அதன் கீழுள்ளவற்றையும் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும், எப்போதும், ஏறும்போது கத்தினால் அந்தக் கியரின் சின்க்ரோ தேய்ந்திருக்கலாம். போட்ட கியர் ஓட்டத்தில் தானாகக் கழன்று விழுந்தால்தான் பெட்டியை இறக்குகிற பேச்சே எடுப்பாராம்.

சின்க்ரோ என்பது ஒரு பித்தளை வளையம். உட்புறம் கூம்பாக இருக்கும், நுண்ணிய வரிகள் வெட்டியிருக்கும். கியர் போடும்போது அந்த வரிகள் ஒயில் படலத்தை அறுத்துக்கொண்டு எதிர்க்கூம்பைக் கவ்வுகின்றன. இரண்டின் வேகமும் ஒன்றான பிறகே பற்கள் கோக்கின்றன. 1928இல் அமெரிக்கக் காடிலாக் கார்களில் இது வந்தது. அதற்கு முன் ஓட்டியவர்கள் கிளட்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் அக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டித் தாங்களே வேகத்தை ஒன்றாக்கினார்கள். பாஸ் சின்ன வயதில் பஸ் டிப்போவில் அப்படித்தான் பழகினாராம். தேய்ந்த செகண்டோடு ஒரு வருடம் தள்ளவேண்டிய ஆட்களுக்கு இப்போதும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

கிண்ணியா ஹைலக்ஸில் கிளட்சின் கீழ்ச் சிலிண்டரைக் கழற்றினார்கள். பூட்ஸ் ரப்பரை விலக்கியதும் கறுத்த தண்ணீர் ஒழுகியது. கிளட்ச் ஒயில் என்று ஊற்றுவது பிரேக் ஒயில்தான். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் உலோகத்தை அரிக்கும். இதில் ஐஸ் உருகி வடிந்த மீன் தண்ணீரின் உப்பு வேறு. சிலிண்டரின் உட்சுவரில் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். சொரசொரவென்று குழிகள். ரப்பர் வாஷர் அந்தக் குழிகளில் உரசித் தேய்ந்து, மிதிக்கிற அழுத்தத்தில் ஒரு பங்கு கசிந்து வீணாகிறது. கிளட்ச் தட்டு முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே நிற்கிறது. புதுச் சிலிண்டர் பூட்டி, பழைய ஒயிலை முழுதாக வெளியேற்றி, எயார் எடுத்து முடிய மதியமாகியது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. செகண்டும்தான்.

ஆனால் ஆடுகிற லீவர்? நான் மிக ரசித்துப் பார்த்த வேலை அதுதான்.

முதலில் லீவர் குமிழைத் திருகி எடுத்தார்கள். பிறகு தோலுறை, அதன் கீழே ரப்பர் உறை. அதற்கும் கீழே லீவர் கியர்பொக்ஸுக்குள் இறங்குகிற இடம் தெரிந்தது, சுற்றிவரச் செம்மண். உதவிக்கு நின்ற பெடியன் கைவைக்கப் போனதும் பாஸ் அதட்டினார். முதலில் தூரிகை, பிறகு மண்ணெண்ணெய்த் துணி. மூடியைத் திறந்தபின் விழுகிற ஒவ்வொரு மணலும் நேரே பெட்டிக்குள் போகும். துடைத்து முடிந்ததும் மூடியின்மேல் துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் கீழே அமுக்கி, அமுக்கியபடியே இடப்பக்கம் திருப்பினார். உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் அமுக்காமல் திருப்பினால் அசையாது. ஒரு கால் சுற்று. லீவர் மேலே எழும்பி வந்தது.

அதன் நுனியில் வெள்ளைப் பிளாஸ்டிக் குப்பி ஒன்று இருக்கவேண்டும். லீவர் நுனியும், கியரைத் தள்ளும் கம்பியும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் நிற்கிற சீட் அது. நகத்தளவுக்கு ஒரு துண்டு மட்டும் மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் நொறுங்கி உள்ளே. பிளாஸ்டிக் காந்தத்தில் ஒட்டாது. பெடியன் நீள ஸ்க்ரூ டிரைவர் நுனியில் கிரீஸைத் தடவி, டோர்ச் வெளிச்சத்தில், ஒவ்வொரு துணுக்காக ஒட்டி எடுத்து ஒரு சிரட்டைக்குள் போட்டான். துணுக்குகளை அடுக்கிக் குப்பி முழுதாகச் சேர்கிறதா என்று பார்த்த பிறகே பாஸ் அடுத்த வேலைக்கு விட்டார்.

புதுச் சீட்டின் விலை இரண்டு மூன்று சோற்றுப் பார்சல் விலைக்குள் அடங்கும். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். டொலர் ஏறிய காலத்தில் அதுவும் வராமல் போனபோது நைலோன் தடி வாங்கி லேத்தில் கடைந்து போட்டார்களாம். பித்தளையில் கடைந்து கேட்கிறவர்களும் உண்டு. பித்தளை நாள்பட உழைக்கும், உண்மைதான். ஆனால் என்ஜினின் அதிர்வு முழுவதையும் லீவர் வழியே கைக்குக் கொண்டுவரும். நைலோன் அதிர்வை விழுங்கும். அவருடைய தீர்ப்பு நைலோன்.

லீவரின் உருண்டை நுனி ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. சீட் உடைந்த பிறகும் மாதக்கணக்காக ஓட்டியதன் விளைவு. புதுச் சீட்டை மட்டும் போட்டால் ஆட்டம் பாதிதான் குறையும். பாஸ் வெல்டிங்கில் சொட்டு வைத்து, அரத்தால் உருட்டி, சீட்டுக்குள் போட்டுச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். வேர்னியர் அளவுகோல் மேசையில் சும்மா கிடந்தது. பூட்டி முடித்து என்னையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். தேர்டிலிருந்து நியூட்ரலுக்கு இழுத்துக் கையை விட்டால் லீவர் தானே நடுவுக்கு வந்து நின்றது. ஒவ்வொரு கியரும் விழுந்ததைக் கை உணர்ந்தது. அந்த 'டக்' உள்ளே கம்பியின் பள்ளத்தில் ஒரு சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் உட்காருவதால் வருவது. அது முன்பும் ஒழுங்காகத்தான் உட்கார்ந்துகொண்டிருந்தது. ஆடிய லீவர் அதைக் கைக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கியர் ஒயில் மாற்றுவதிலும் அவருக்கு ஒரு கட்டளை உண்டு: ஒயில் ஊற்றுகிற மேல் நட்டை முதலில் கழற்று, பிறகுதான் கீழ் நட்டு. கீழ் நட்டைக் கழற்றி ஒயிலை வடித்தபின் மேல் நட்டு துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால் வாகனம் குழிமேல் கிடந்துவிடும். வடித்த ஒயிலை வெயிலில் சாய்த்துப் பார்க்கிறார். பொன்தூள் மினுங்கினால் பித்தளை வளையம் தேய்கிறது. ஜிஎல்-5 என்று போத்தலில் கண்டதும் பெரிய எண்தான் நல்லது என்று வாங்கி ஊற்றுகிறவர்களோடு அவருக்கு ஓயாத சண்டை. பின் அச்சு டிஃபரென்ஷியலின் கடும் அழுத்தத்துக்காக அதில் சேர்க்கிற கந்தகச் சேர்மங்களில் சில பித்தளைக்கு ஆகாதவை. வழுக்கல் கூடினால் வளையமும் சரியாகக் கவ்வாது. வாகனத்தின் கையேட்டில் இருக்கிற ஒயிலைப் போடு என்பதுதான் முடிவான பேச்சு. கையேடு யாரிடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

இளைஞர்களுக்கு வேறு ஆசை. குட்டை லீவர் வேண்டும், கியர் சின்ன அசைவில் விழவேண்டும். லீவர் திரும்புகிற மையத்தை உயர்த்தினால் கையின் அசைவு குறையும்; கை கொடுக்கவேண்டிய பலம் கூடும். தேய்ந்த சின்க்ரோவில் அந்தப் பலத்தைப் போட்டால் சீக்கிரம் சாகும். கேட்கிறவனிடம் பாஸ், கனமான குமிழ் ஒன்றைப் போட்டுப் பாரேன் என்கிறார். குமிழின் பாரமே லீவரை அடுத்த கியருக்குள் கொண்டுபோய்விடும் என்பதால் பாதிப் பேர் அதோடு திருப்திப்படுகிறார்கள்.

இப்படிப்பட்ட கைக்குச் சந்தையில் விலை என்ன? இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கியர்பொக்ஸை இறக்கினால் இரண்டு நாள் கூலி, பேரிங் செட், சீல் செட் என்று பில் நீளும்; வாடிக்கையாளர் முணுமுணுக்காமல் கொடுப்பார். இறக்கத் தேவையில்லை என்று கண்டுபிடித்தவருக்கு ஒரு சீட்டின் விலையும் அரை நாள் கூலியும். சரியாகக் கண்டுபிடித்ததற்கான தண்டனை இது. இந்தக் கணக்கு இப்படியே இருக்கும்வரை தேவையில்லாமல் பெட்டிகள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

பெடியனுக்கு இது விளங்கியிருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்க விண்ணப்பிக்கப் போகிறான். என்விகியூ என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருந்தால் வெளிநாட்டில் வேலை. பாஸுக்கு அப்படி ஒரு காகிதமும் இல்லை. அனுபவத்தை மதிப்பிட்டு அதே சான்றிதழைக் கொடுக்கும் வழி இருக்கிறது என்றேன். "எனக்கு இனி என்னத்துக்கு? அவன் எடுக்கட்டும்" என்றார். போகுமுன் கிளட்ச் வேலையைப் பழகிவிட்டுப் போ என்பது மட்டும்தான் அவன்மேல் அவருடைய நிபந்தனை.

அண்மையில் அவர் ஒரு புது வழக்கம் தொடங்கியிருக்கிறார். வாகனத்தைக் குழிமேல் ஏற்றுமுன்னே 'பார்க்கிற காசு' என்று ஒரு தொகை. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் கொடுக்கவேண்டும். டொக்டருக்குக் கொடுக்கிறோம்தானே என்று கேட்டால் பலர் சிரித்துக்கொண்டு கொடுக்கிறார்கள். சிலர் திருப்பிக்கொண்டு போகிறார்கள். கிண்ணியாக்காரர் எல்லாவற்றையும் கொடுத்தார், அந்தக் காசைத் தவிர. "சும்மா ரிவர்ஸ் போடச் சொன்னதுக்குக் காசா, பாஸ்?" என்றார். பேரம் தொடர்ந்தது. கடைசியில் பாதிக் காசுக்கும் அடுத்த தரம் வரும்போது நல்ல பாரை மீன் ஒன்றுக்கும் இணங்கினார்கள். மீனைப் பில்லில் எழுதிவைக்கும்படி பாஸ் பெடியனிடம் சொன்னார்.