மண்ணுக்கடியில் ஓர் அடுப்பு

டிசம்பர் மாதம். காலை ஒன்பது மணியாகியும் ரெய்க்யாவிக் நகரில் விடியவில்லை. சூரியன் தலைகாட்டப் பதினொரு மணி தாண்டிவிடும். மூன்றரைக்கெல்லாம் மறைந்துவிடும். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி படிக்க லடாக்கிலிருந்து ஐஸ்லாந்து வந்திருக்கும் அந்த மாணவிக்குக் குளிர் புதிதல்ல. வெந்நீர்தான் புதிது. குழாயைத் திறந்தால் லேசான அழுகிய முட்டை நாற்றத்தோடு ஆவி பறக்கக் கொட்டுகிறது. உள்ளூர்க்காரர்கள் அந்த நாற்றத்தைப் பொருட்படுத்துவதே இல்லை.

அவளது ஊரில் குளிர்காலம் என்றால் அறைக்கு நடுவே அடுப்பு, அதில் காய்ந்த சாணம், கூடவே அம்மாவின் இருமல். ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு நிலத்தடி வெப்பமே கதகதப்பு. ரெய்க்யாவிக்கில் 1930இல் தொடங்கிய ஏற்பாடு இது. 1970களில் எண்ணெய் விலை எகிறியபோது மற்ற ஊர்களும் இந்த வழிக்கு வந்தன. வீடுகளைச் சூடாக்கிவிட்டு வெளியேறும் நீர்கூட வீணாவதில்லை. நடைபாதைகளுக்கு அடியில் ஓடிப் பனியை உருக்குகிறது.

இன்றைய பாடம் வகுப்பறையில் இல்லை. நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் இருக்கும் ஹெல்லிஷெய்தி மின் நிலையத்தில். கறுத்த எரிமலைப் பாறைகள், பனி, நடுவே எழும்பும் வெண்ணிற நீராவி. ஆழ்துளைக் கிணறுகளின் நீராவியில் 303 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் திறன் இதற்கு உண்டு. கூடவே நகரத்துக்கு வெந்நீரும் போகிறது. நீராவியோடு வரும் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். 2012இல் நடந்த சோதனையில், செலுத்திய வாயுவில் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளுக்குள் கல்லாகிவிட்டது.

எல்லாமே சுபம் அல்ல. பயன்படுத்திய நீரை மறுபடி பூமிக்குள் செலுத்தியதால் 2011இல் நில அதிர்வுகள் ஏற்பட்டன. பக்கத்து ஊரான ஹ்வெராகெர்தியின் மக்கள் கொதித்துப்போனார்கள். அதன் பிறகே நீரைச் செலுத்தும் முறைக்கு விதிகள் வந்தன. மாணவியின் நோட்டில் அதிக வரிகளைப் பிடித்தது இந்தச் சங்கதிதான்.

காரணம் பூகா. லடாக்கில் சுமார் 4,400 மீட்டர் உயரத்தில், வெந்நீர் ஊற்றுகள் கொப்பளிக்கும் பள்ளத்தாக்கு. சாங்பா இடையர்கள் ஆடு மேய்க்கும் பூமி. நிலத்தடி வெப்பத்தில் மின்சாரம் எடுக்க 2021இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டே, துளையிட்ட இடத்திலிருந்து பீறிட்ட நீர் ஓடையில் கலந்து சர்ச்சையானது.

"மின்சாரம் பிறகு வரட்டும். முதலில் வீடுகள் சூடாகட்டும்" என்கிறாள் அவள். திரும்பிப்போய்ச் செய்ய நினைக்கும் ஆய்வின் முதல் கேள்வியையும் எழுதி வைத்திருக்கிறாள். வெந்நீர் எவ்வளவு கிடைக்கும் என்பதல்ல அது. பயன்படுத்திய நீர் எங்கே போகும் என்பதே.